குழந்தை அசைந்தது

"அந்தத் தையல்காரம்மா பெத்த பிள்ளையோட காலையே ஒடிச்சுட்டாங்களாம் மேடம்."

ஜால்ரா காலையில் வந்ததும் வராததுமாக இதைச் சொன்னபோது நான் நீளம் அளக்கும் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜால்ரா என்பது நான் வைத்த பெயர். என்னோடு சேர்ந்து அளக்கிற ஆள், நாற்பது வயது. பெரிய டாக்டர் "இன்னைக்கு வெக்கையா இருக்கு" என்றால் சட்டைக் காலரைத் தளர்த்துவான். அவரே "குளிருதோ?" என்றால் காதைப் பொத்திக்கொள்வான். மற்றபடி கெட்டவன் இல்லை.

"எந்தத் தையல்காரம்மா?" என்று கேட்டேனே தவிர, எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி அளந்தோமே. பிரசவத்துக்கே கழுத்துல டேப்போட வந்தாங்கன்னு நர்ஸுங்க சிரிச்சாங்களே, அவங்கதான். முந்தாநாள் தொடை எலும்பு முறிஞ்சு பிள்ளைய ரெண்டாவது மாடில சேர்த்திருக்காங்க. துணி மாத்தும்போது டக்குன்னு சத்தம் கேட்டுச்சுன்னு சொல்றாங்களாம். அதுக்கெல்லாம் எலும்பு முறியுமா? அடிச்சிருக்கணும், இல்ல முறுக்கியிருக்கணும்னு வார்டு டாக்டர் எழுதிட்டாங்க. குழந்தைகள் நல அதிகாரி வந்திருக்காங்க. பன்னெண்டு மணிக்கு விசாரணை. பிள்ளைய பிரிச்சு ஹோமுக்கு அனுப்பிடுவாங்க போல."

துணியைப் பலகை மேலேயே போட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

எங்கள் வேலை இன்னதென்று சொன்னால்தான் என் கோபம் புரியும். பிறந்த இரண்டாம் நாள் பிள்ளையை எங்கள் அறைக்குக் கொண்டுவருவார்கள். வெதுவெதுப்பாக வைத்திருக்கும் சின்ன அறை. முதலில் பலகையில் படுக்கவைத்து நீளம். ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் முழங்காலை நீவி நீட்ட வேண்டும். அப்புறம் முழங்காலிலிருந்து குதிகால் வரை மில்லிமீட்டர் கணக்கில் ஓர் அளவு. அடுத்து, முட்டை என்று நாங்கள் கூப்பிடுகிற கண்ணாடிப் பெட்டி. பிள்ளையை அம்மணமாக உள்ளே வைத்து மூடினால், அது எவ்வளவு காற்றை விலக்குகிறது என்று பார்த்து, உடம்பில் கொழுப்பு எவ்வளவு, சதை எவ்வளவு என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடும். கடைசியில் எலும்பு மேசை. துணியில் சுற்றிப் படுக்கவைத்தால், மேலே ஒரு கருவி மெதுவாக நகர்ந்து, உடம்பு முழுவதும் உள்ள எலும்புகளில் எத்தனை கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது என்று கணக்குப் பார்க்கும். அந்த மூன்று நிமிடமும் பிள்ளை அசையக்கூடாது. அசைந்தால் படத்தில் எலும்பின் ஓரம் ரம்பப் பல் மாதிரி வெட்டு வெட்டாக விழும்.

பெரிய டாக்டரின் ஆராய்ச்சிக்காக நான்கு வருடமாக இதைச் செய்கிறோம். நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள். என் வீட்டுக்காரர் சொல்வார், "உன் கோபத்தையும் ஒரு நாள் அந்த மேசையில படுக்கவச்சு எத்தனை கிலோன்னு பாரு" என்று. அன்றைக்குப் பார்த்திருந்தால் மேசை உடைந்திருக்கும்.

அந்தப் பிள்ளையை எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அவன் அம்மா துணிக்கடை ஒன்றின் பின்கட்டில் ஆயத்த உடைகளைப் பிடித்துத் தருகிற தையல்காரி. பெட்டியிலிருந்து பிள்ளையை எடுத்து உடுத்தும்போது, தானே தைத்த குட்டிக் கால்சட்டையைக் காட்டினாள்.

"அக்கா, இதப் பாருங்க. ரெண்டு விரல் நீளமா தொங்குது. பிறந்த பிள்ளைங்களுக்கு நான் எத்தனையோ தச்சிருக்கேன், கண்ணாலயே அளவு சொல்லிடுவேன். கால்சட்டை பெருசு இல்லக்கா. இவன் கால்தான் குட்டை."

"ரெண்டு மாசத்துல நெடுநெடுன்னு வளந்துடுவான் பாரு. அப்ப கால்சட்டை பத்தலன்னு அழுவ" என்று நான் சிரித்தேன். கால் அளவு உண்மையிலேயே குறைவாகத்தான் இருந்தது. ஆனால் கணினி ஒப்புக்கொள்கிற எல்லையின் கடைசிப் படியில் நின்றதால் அது ஒன்றும் கேட்கவில்லை. அது கேட்காததை நான் ஏன் கேட்கப் போகிறேன்?

எலும்பு மேசையில் கிடத்தியதும் பிள்ளை தூங்கிவிட்டது. தூக்கம் என்றால் அப்படியொரு தூக்கம். மூன்று நிமிடமும் இமைகூட ஆடவில்லை. "இவ்ளோ சமத்துப் பிள்ளைய நான் பார்த்ததே இல்லம்மா. உனக்கு வேலையே வைக்க மாட்டான்" என்றேன். அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

திரையில் எண் வந்தது. முப்பத்தெட்டு.

மற்ற பிள்ளைகளுக்கு அறுபதிலிருந்து எண்பதுக்குள் வரும். முப்பத்தெட்டை நான் பார்த்ததே இல்லை. கணினியில் பதிந்ததும் கட்டம் சிவப்பாகி, "காரணம் தேர்வு செய்க" என்றது. நான்கு காரணங்கள் இருக்கும். குழந்தை அழுதது. குழந்தை அசைந்தது. கருவியில் கோளாறு. அளந்தவர் பிழை. இந்த நான்கில் ஒன்றைத் தொடாமல் அடுத்த பக்கம் திறக்காது. பிள்ளையின் எலும்பே இவ்வளவுதான் என்று சொல்ல அதில் வழி கிடையாது. படிவம் போட்ட மகாராசாவுக்கு அப்படியும் ஒரு பிள்ளை பிறக்கும் என்று தோன்றவே இல்லை.

முந்தைய வருடம் ஒரு முறை, மனசாட்சிக்குப் பயந்து நான் "அளந்தவர் பிழை" போட்டேன். மறுவாரமே எனக்கு மூன்று நாள் மறுபயிற்சி. நேற்று வேலைக்கு வந்த பெண்களோடு உட்காரவைத்து, ரப்பர் பொம்மையின் காலை நீட்டி அளக்கச் சொன்னார்கள். பதினெட்டு வருட அனுபவம், அவமானத்தில் காது சுட்டது. கருவிக் கோளாறு என்று போட்டால் இரண்டு நாள் அறையை மூடுவார்கள், பெரிய டாக்டர் குதிப்பார். அதனால் எல்லாரும் வழக்கமாகப் போடுவது "குழந்தை அசைந்தது". பிள்ளைகள் எழுந்து வந்து நாங்கள் அசையவில்லை என்று சாட்சி சொல்லப் போவதில்லையே.

நானும் போட்டேன். அப்படிப் போட்டால் கணினி அந்த எண்ணைத் தள்ளிவிட்டுக் கட்டத்தைக் காலியாக விட்டுவிடும். வாசலில் இன்னும் மூன்று தாய்மார்கள் காத்திருந்தார்கள். மறுநாள் இன்னொரு தடவை படம் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலேயே அவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் மறந்துவிட்டேன். மறந்தேன் என்று சொல்வதற்கு இப்போதும் நாக்கு கூசுகிறது.

ஜால்ராவை விலக்கிவிட்டுக் கணினியில் அந்தப் பிள்ளையின் பக்கத்தைத் திறந்தேன். எலும்புக் கட்டம் காலியாக இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. அறுபத்தேழு புள்ளி நான்கு என்று பச்சையாக ஓர் எண் உட்கார்ந்திருந்தது.

"என்னய்யா இது? இத யார் போட்டா?"

"ஓ, அதுவா மேடம்? போன மாசம் காலி இடத்துல எல்லாம் சராசரிய போட்டு நிரப்பிட்டாங்க. ஓட்டை இருந்தா மொத்தக் கணக்கும் நொண்டுதாம். ஆராய்ச்சில எல்லாரும் செய்றதுதான்னு பெரிய டாக்டர் சொன்னாரு." கொஞ்சம் தயங்கி, "நேத்து வார்டுல இருந்து கேட்டாங்கன்னு இந்தப் பக்கத்தத்தான் அச்செடுத்து அனுப்பினோம். பிறக்கும்போது எலும்பு இயல்புன்னு" என்றான்.

அதாவது ஊரார் பெற்ற நானூறு பிள்ளைகளின் எலும்பைக் கூட்டி வகுத்து, இவன் காலுக்குள் வைத்துவிட்டார்கள். இவனுடைய எலும்பு எங்கேயும் இல்லை. எலும்பு நல்ல எலும்பு, அப்படியானால் ஒடித்தவள் தாய்தான் என்று மேலே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். குதிரை கீழே தள்ளியதும் போதாதென்று குழியும் பறித்ததாம் என்பார்களே, அதற்கு மேல் இது.

விறுவிறுவென்று பெரிய டாக்டர் அறைக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை.

"சார், தையல்காரம்மா பிள்ளைக்கு நீங்க அனுப்பின எண் பொய்."

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அவர் கத்துகிற மனிதர் இல்லை. கத்தினால்கூடப் பரவாயில்லை, பதிலுக்குக் கத்தலாம்.

"பொய் இல்லம்மா, மதிப்பீடு. அந்தக் குழந்தை அசைஞ்சதால படம் வீணாப் போச்சு. அப்படின்னு பதிஞ்சது யாரு?"

"நான்தான்."

"கையெழுத்து?"

"என்னோடதுதான். ஆனா பிள்ளை அசையல சார். செத்தது மாதிரி தூங்குச்சு. எண் முப்பத்தெட்டு. உங்க படிவத்துல அத எங்க எழுதறது? 'பிள்ளை இப்படித்தான்'னு ஒரு வரி போட்டிருந்தீங்களா?"

"போட்டா எல்லாரும் சோம்பேறித்தனமா அதையே தொட்டுட்டுப் போவீங்க."

"இப்ப மட்டும் என்ன கிழிச்சோம்?"

அவர் முகம் சுருங்கியது. குரல் மட்டும் ஏறவில்லை. "கொஞ்சம் யோசிங்க. நீங்க போய் 'நான் பொய்க் காரணம் பதிஞ்சேன்'னு சொன்னா, நானூத்திப் பன்னெண்டு பிள்ளைங்க அளவும் சந்தேகத்துக்குரியதா ஆயிடும். நாலு வருஷ வேலை. உங்க வேலையும் போயிடும். அந்தக் குழந்தைக்கு மறுபடி படம் எடுக்கச் சொல்லி நானே பரிந்துரை பண்றேன். ரெண்டு மூணு வாரத்துல உண்மை தானா வெளிய வரும்."

"அந்த மூணு வாரம் பிள்ளை யார்கிட்ட இருக்கும் சார்?"

"அது என் துறை இல்லையே."

இதைக் கேட்டதும் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அவர் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்திருந்த பளபளப்பான கல்லை எடுத்து வீசலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் நடுவில் ஒரு குரல் உறுத்திக்கொண்டே இருந்தது. நீ மட்டும் என்ன யோக்கியம்? ரப்பர் பொம்மைக்குப் பயந்து ஒரு பிள்ளையின் எலும்பைத் தூக்கி எறிந்தவள்தானே? பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று அப்போது நினைத்தேன். பாவம் இருக்கும் இடம் எது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

"வேலைய நீங்களே வச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மணி பதினொன்றே கால். வேண்டியவை இரண்டு. ஒன்று என் பென்சில் நோட்டு. கணினியில் பதிவதற்கு முன்னால் எல்லா எண்ணையும் பென்சிலால் அவரவர் நோட்டில் எழுத வேண்டும் என்பது எங்கள் விதி. அலமாரியைக் கலைத்து அந்த மாதத்து நோட்டைத் தேடி எடுத்தேன். என் கையெழுத்தில் இருந்தது: 38. பக்கத்திலேயே, "தூக்கம்."

இன்னொன்று, படம். எங்கள் கணக்கிலிருந்து தள்ளிவிட்ட படங்களும் எலும்பு மேசையின் கணினியில் மூன்று மாதம் கிடக்கும். அதைத் திறக்கும் கடவுச்சொல் ஜால்ராவிடம்தான் உண்டு.

"திறய்யா."

"மேடம், பெரிய டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை..."

"இங்க பாரு. உனக்கும் ரெண்டு பொம்பளப் பிள்ளைங்க இருக்கு. நாளைக்கு அதுல ஒண்ணு கைய ஒடிச்சுக்கிட்டு வந்தா, உன் பொண்டாட்டிய நிக்கவச்சு இப்படிக் கேட்டா, நீ யார் பின்னாடி போய் ஆமாம் சாமி போடுவ?"

அவன் உட்கார்ந்து எழுத்துகளைத் தட்டினான். படம் திறந்தது. இருவரும் குனிந்து பார்த்தோம். எலும்புகளின் ஓரத்தில் ஒரு வெட்டுகூட இல்லை. அவ்வளவு துப்புரவான படத்தை நாங்கள் எடுத்ததே குறைவு. அதனால்தான் அந்தத் தொடை எலும்புகள் அத்தனை தெளிவாகத் தெரிந்தன. இரண்டும் நூல் மாதிரி மெலிந்து, உள்ளே பஞ்சடைத்தது போல மங்கி, லேசாக வளைந்திருந்தன. அன்றைக்கு நான் எண்ணைப் பார்த்தேனே தவிர, படத்தைப் பார்க்கவில்லை.

"அசையல" என்றான் ஜால்ரா.

"ரெண்டு பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும். விதி அது."

"ஆமா" என்றான். அச்சடித்த படத்தின் கீழே என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினான். நான்கு வருடத்தில் அவனுடைய ஆமா எனக்கு உபயோகப்பட்டது அன்றுதான்.

இரண்டாவது மாடியில், வார்டின் கோடியில் மருந்துப் பெட்டிகள் அடுக்கிய அறையில் விசாரணை நடந்தது. அதிகாரி என்ற நடுவயதுப் பெண் மேசைக்குப் பின்னால் கோப்போடு இருந்தார். வார்டு டாக்டர், சின்ன வயதுப் பெண், தூங்காத கண்களோடு நின்றார். தையல்காரி மூலை நாற்காலியில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் ஒரு காலில் இடுப்பு வரை கட்டு. அவள் ரவிக்கையில் இரண்டு குண்டூசிகள் இன்னும் குத்தியபடியே இருந்தன. தையலுக்கு நடுவே பிள்ளைக்குத் துணி மாற்றப் போய், அப்படியே ஓடிவந்தவள், இரண்டு நாளாக எடுக்கவில்லை போலிருக்கிறது. அவள் கணவன் சன்னலோரம் தள்ளி நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். பொண்டாட்டி பக்கம் திரும்பவே இல்லை. கட்டினவனும் கைகழுவிவிட்டான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

அதிகாரி படித்துக்கொண்டிருந்தார்: "பிறந்த ரெண்டாம் நாள் அளவுல எலும்பு இயல்பா இருந்திருக்கு. அதனால சாதாரணமா கையாள்றதுல இந்த மாதிரி முறிவு வர வாய்ப்பு இல்ல. விசாரணை முடியுற வரைக்கும் குழந்தைய..."

"நிறுத்துங்க மேடம்" என்றேன். "அந்த அளவ எடுத்தவ நான். அது இந்தப் பிள்ளையோட அளவே இல்ல."

நோட்டையும் படத்தையும் மேசையில் வைத்தேன். எதையும் பூசி மெழுகவில்லை. எண் முப்பத்தெட்டு வந்தது, படிவம் காரணம் கேட்டது, அசையாத பிள்ளையை அசைந்தது என்று பதிந்தேன், அதனால் படத்தைத் தள்ளிவிட்டார்கள், காலி இடத்தில் மற்றப் பிள்ளைகளின் சராசரியைப் போட்டார்கள். ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சொன்னேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

வார்டு டாக்டர் படத்தைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். நெடுநேரம் பார்த்தார். "ரெண்டு தொடையும் பிறக்கும்போதே வளைஞ்சிருக்கு" என்றார் மெல்ல. "இது எலும்பு தானா நொறுங்குற நோயா இருக்கலாம். ரத்தம் அனுப்பிப் பார்க்கணும். இத நான் பார்த்திருந்தா அந்தப் புகார எழுதியிருக்கவே மாட்டேன்."

"ஆனா இங்க குழந்தை அசைந்ததுன்னு பதிவு இருக்கே" என்று அதிகாரி என்னைப் பார்த்தார். "அசைஞ்சதா, இல்லையா? இப்ப சொல்றதுதான் உண்மைன்னு எப்படி நம்புறது?"

நான் வாய் திறப்பதற்குள் மூலையிலிருந்து பதில் வந்தது.

"அவன் அசையல." தையல்காரி தலையை நிமிர்த்தியிருந்தாள். "நான் பக்கத்துலதான் நின்னேன். இவ்ளோ சமத்துப் பிள்ளைய பார்த்ததே இல்லன்னு இவங்கதான் சொன்னாங்க. நான் வீட்டுக்குப் போய் எல்லார்கிட்டயும் அதச் சொல்லி சந்தோஷப்பட்டேன்."

அவள் கணவன் அப்போதுதான் திரும்பினான். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தான். அவள் அவனையும் பார்க்கவில்லை.

அதிகாரி கோப்பில் இரண்டு வரி அடித்து எழுதினார். ரத்த முடிவு வரும்வரை பிள்ளை இதே வார்டில் தாயோடுதான் இருக்கும், பிரிப்பதாக இல்லை என்றார். என்னிடம் எழுத்துமூலமாக வாக்குமூலம் கேட்டார். அங்கேயே எழுதிக் கொடுத்தேன். பெரிய டாக்டர் சொன்னது சரிதான், அந்தக் காகிதத்தோடு என் வேலை போனது. அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

வார்டு டாக்டர் தாயின் பக்கத்தில் குனிந்து சொல்லிக்கொடுத்தார். "இனிமே துணி மாத்தும்போது கணுக்காலப் பிடிச்சுத் தூக்கவே கூடாதும்மா. அடியில கைய விட்டு, இடுப்போட சேர்த்து ஏந்தணும். இப்படி."

தையல்காரி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அன்னைக்கு அந்த எண்ண என்கிட்ட சொல்லியிருந்தா, இது அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும்."

"நான் ரெண்டு காலையும் சேர்த்துப் பிடிச்சுத் தூக்கினேன். எல்லாரும் அப்படித்தான தூக்குவாங்க? டக்குன்னு சத்தம் கேட்டுச்சு. ஒன்றரை மாசமா தினம் எட்டு தடவ, பத்து தடவ அப்படித்தான் தூக்கியிருக்கேன். கால் குட்டைன்னு நான் சொன்னேனே. நீங்க சிரிச்சீங்க."

அக்கா என்று அவள் கூப்பிடவில்லை.

மன்னிப்பு என்ற சொல் வாய்வரை வந்து, வெட்கத்தில் திரும்பிப் போனது. பிள்ளை விழித்துக்கொண்டு முனகியது. அதன் மேல் சுற்றியிருந்த துணி ஒரு பக்கம் சரிந்து, கட்டில்லாத கால் வெளியே தெரிந்தது. பதினெட்டு வருடப் பழக்கம், என்னை அறியாமலே என் கை அந்தத் துணியைச் சரிசெய்ய நீண்டது.

"கைய எடுங்க" என்றாள்.

எடுத்தேன்.